மிஸ்ப் சர்வரிலிருந்து டிஎன்எஸ் தடுப்புப் பட்டியல் வரை: ஒரு செய்முறைப் பதிவு

வேலை இதுதான்: திறந்த மூல ஃபீட்களிலிருந்து (தீய முகவரிகளைத் தொடர்ந்து புதுப்பித்து வெளியிடும் பட்டியல்கள்) தீய டொமைன்களை மிஸ்ப்பில் (அச்சுறுத்தல் தகவல்களைச் சேமித்துப் பகிரும் மென்பொருள்) சேர்ப்பது, சலிப்பது, மிஞ்சியதை ஆர்பிஇசட் கோப்பாக (எந்தப் பெயர்களைத் தடுக்க வேண்டும் என்று டிஎன்எஸ் சர்வருக்குச் சொல்லும் பட்டியல்) எடுத்து பைண்ட் என்ற டிஎன்எஸ் சர்வரில் ஏற்றுவது. நிறுவ ஒரு மாலைப்பொழுது போதும். மீதி நேரமெல்லாம் சலிப்பதற்குத்தான். பட்டியலில் எதைச் சேர்த்தோம் என்பதைவிட எதை வெளியே தள்ளினோம் என்பதில்தான் இந்த ஏற்பாடு நிற்கும் அல்லது விழும். அதனால் இந்தப் பதிவிலும் நிறுவல் சுருக்கமாக வருகிறது, சலிப்பு விரிவாக வருகிறது.

ஓபன்சிடிஐ ஏன் இல்லை? அது ஸ்டிக்ஸ் 2.1 என்ற அச்சுறுத்தல் தகவல் வடிவில் தாக்குதல் குழு, தீநிரல், அறிக்கை என்று எல்லாவற்றையும் உறவு வலையாக வைத்துக்கொள்ளும் கருவி, ஆய்வாளர்களுக்கு அருமையானது. ஆனால் கூடவே எலாஸ்டிக்சர்ச், ரேபிட்எம்க்யூ, ரெடிஸ், மினியோ என்று ஒரு பட்டாளமே ஓட வேண்டும். தடுப்புப் பட்டியல் மட்டும் வேண்டுமென்றால் அவ்வளவு தேவையில்லை. மிஸ்ப் 2011-இல் பெல்ஜிய ராணுவத்தில் தொடங்கியது. இன்று அதன் உருவாக்கத்தை முன்னின்று நடத்துவது லக்சம்பர்க்கின் கணினிப் பாதுகாப்புக் குழுவான சிர்கிள். ஏஜிபிஎல் உரிமம். பிஎச்பி, மரியாடிபி, ரெடிஸ், கூடவே பைத்தான் மாட்யூல்கள்; இவ்வளவுதான் உள்ளே.

நிறுவல்

8 ஜிபி நினைவகம், 4 கோர், 60 ஜிபி வட்டு உள்ள ஒரு லினக்ஸ் மெய்நிகர் கணினி தாராளம். மிஸ்ப் குழுவே பராமரிக்கும் டாக்கர் களஞ்சியத்தை கிட் மூலம் இறக்கி, அதிலுள்ள டெம்ப்ளேட் என்வ் கோப்பை டாட் என்வ் என்ற பெயரில் நகலெடுத்து, நான்கு வரிகளை மாற்ற வேண்டும்: பேஸ் யூஆர்எல், நிர்வாகி மின்னஞ்சல், நிர்வாகி கடவுச்சொல், ஜிபிஜி கடவுத்தொடர். பிறகு டாக்கர் கம்போஸ் புல், அடுத்து டாக்கர் கம்போஸ் அப் மைனஸ் டி.

முதல் முறை எழும்போது தரவுத்தள அட்டவணைகள், டேக்சானமி, கேலக்ஸி என்ற வகைப்பாட்டுத் தொகுப்புகள் எல்லாம் ஏற வேண்டும். சில நிமிடங்கள் ஆகும். அதற்குள் பக்கம் வரவில்லையே என்று கன்டெய்னரை நிறுத்தினால் பாதி ஏறிய தரவுத்தளம்தான் மிஞ்சும். லாக்கைப் பார்த்துக்கொண்டு பொறுமையாக இருப்பதே நல்லது.

இங்கே அதிகம் பேர் தடுக்கி விழுவது பேஸ் யூஆர்எல்லில். அதை லோக்கல்ஹோஸ்ட் என்றே விட்டுவிட்டு வேறு கணினியிலிருந்து ஐபி முகவரியில் திறந்தால், நுழைந்த கையோடு லோக்கல்ஹோஸ்டுக்கே திருப்பி அனுப்பும். உலாவியில் தட்டும் முகவரியும் பேஸ் யூஆர்எல்லும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும். கடைசியில் சாய்கோடு கூடாது.

இன்னொன்று: கான்ஃபிக், லாக், கோப்புகள், ஜிபிஜி ஆகியவை சாதாரண அடைவுகளாக வெளியே தெரியும். தரவுத்தளம் மட்டும் டாக்கரின் பெயரிட்ட வால்யூமில் உட்கார்ந்திருக்கும். அடைவுகளை மட்டும் நகலெடுத்துவிட்டு காப்பு எடுத்தாயிற்று என்று நம்பி, டாக்கர் கம்போஸ் டவுன் கட்டளையோடு மைனஸ் வி சேர்த்துவிட்டால் எல்லா ஈவென்ட்டும் (தீய டொமைன், ஐபி போன்ற தடயங்களைத் தொகுத்து வைக்கும் மிஸ்ப் பதிவு) போய்விடும். மரியாடிபி டம்ப் தனியாக எடுங்கள்.

உள்ளே நுழைந்ததும் முதலில் பார்க்க வேண்டியது சர்வர் செட்டிங்ஸில் உள்ள வொர்க்கர்ஸ் தாவல். டிஃபால்ட், ஈமெயில், கேஷ், பிரயோ, அப்டேட் என்ற ஐந்து வரிசைகளுக்கும் பச்சை விளக்கு எரிய வேண்டும். பின்னணி வேலைகளைச் செய்யும் வொர்க்கர் செத்திருந்தால் ஃபீட் இழுக்கும் பொத்தான் பணிவாக 'வரிசையில் சேர்த்தாயிற்று' என்று சொல்லும், எதுவும் நடக்காது. பிழையும் காட்டாது.

ஃபீட்: முதலில் கேஷ், பிறகுதான் ஃபெட்ச்

மிஸ்ப்போடு ஒரு நீண்ட ஃபீட் பட்டியல் வருகிறது. எல்லாவற்றையும் டிக் செய்து இழுக்கும் ஆசை எல்லோருக்கும் வரும். கேஷ், ஃபெட்ச் இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைத் தெரிந்துகொண்டால் அந்த ஆசை அடங்கும். ஃபெட்ச் என்றால் ஃபீடில் உள்ளவை ஈவென்ட்களாகத் தரவுத்தளத்தில் இறங்கும். கேஷ் என்றால் மதிப்புகளின் ஹேஷ் மட்டும் ரெடிஸில் நிற்கும். உங்கள் ஈவென்ட் ஒன்றில் அதே டொமைன் வந்தால் 'இது அந்த ஃபீடிலும் இருக்கிறது' என்று பக்கத்திலேயே காட்டும். பத்து ஃபீடை கேஷ் செய்து, இரண்டை மட்டும் ஃபெட்ச் செய்யுங்கள். சிர்கிளின் ஓசின்ட் (பொதுவில் கிடைக்கும் தகவல்) ஃபீட் தொடங்க நல்லது. அது மிஸ்ப் வடிவிலேயே வருவதால் யார், எப்போது, எந்தச் சூழலில் பார்த்தார்கள் என்ற விவரமும் கூடவே வரும்.

சிஎஸ்வி (நெடுவரிசைக் கோப்பு), ஃப்ரீடெக்ஸ்ட் (வெறும் உரை) ஃபீட்களில்தான் வினை.

தீநிரல் பரப்பும் யூஆர்எல்களைத் தொகுக்கும் யூஆர்எல்ஹாஸ் தளத்தின் சிஎஸ்வியை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்பது நெடுவரிசைகள். தீய யூஆர்எல் இருப்பது 3-ஆவதில். 8-ஆவதில் இருப்பது அந்தப் பதிவைப் பற்றி யூஆர்எல்ஹாஸ் தளத்திலேயே உள்ள பக்கத்தின் இணைப்பு. மதிப்பு நெடுவரிசை என்ற பெட்டியில் 3 என்று போடாமல் விட்டால், ஒவ்வொரு வரியிலிருந்தும் அந்த விவரப் பக்கத்தின் முகவரியும் தடயமாக உள்ளே வரும். தகவல் கொடுத்தவனையே தடுத்த கதையாகிவிடும். ஃப்ரீடெக்ஸ்ட் ஃபீட்களிலும் இதே தொல்லை உண்டு. கோப்பின் தலைப்பில் உள்ள குறிப்பு வரிகளில் ஃபீட் தருபவரின் தள முகவரி இருக்கும். பாகுபடுத்தி அதையும் பொறுக்கிக்கொள்ளும். விலக்கும் ரெகெக்ஸ் (எழுத்து வடிவத்தைப் பொருத்திப் பார்க்கும் விதி) பெட்டி இருப்பது இதற்காகத்தான். ஃபீட் தருபவரின் சொந்த டொமைனை அதில் போட்டுவிடுங்கள்.

அடுத்து, இலக்கு ஈவென்ட். 'ஒவ்வொரு இழுப்புக்கும் புதிய ஈவென்ட்', 'ஒரே நிலையான ஈவென்ட்' என்று இரண்டு தேர்வுகள். முதலாவதை வைத்து மணிக்கொருமுறை ஓடும்படி கிரானில் (நேரம் வைத்துக் கட்டளைகளை ஓட்டும் லினக்ஸ் வசதி) போட்டால் 30 நாளில் 720 ஈவென்ட்கள். 30 நாளும் பட்டியலில் நிற்கும் ஒரே ஒரு ஐபி அந்த 720-லும் இருக்கும். ஒன்றோடொன்று இணையும் ஜோடிகளை எண்ணினால் 2,58,840. ஒரு ஐபிக்கு மட்டும். புதிய பதிப்புகள் இப்படி வரம்பு மீறும் மதிப்புகளைத் தனிப் பட்டியலுக்குத் தள்ளி, அவற்றுக்குத் தொடர்பு காட்டுவதை நிறுத்திவிடுகின்றன. தரவுத்தளம் அதனால் தப்பிக்கும். உருப்படியாக வர வேண்டிய தொடர்பும் அதோடு போகும். எனவே நிலையான ஈவென்ட், கூடவே டெல்டா மெர்ஜ். ஃபீடிலிருந்து நீங்கியது ஈவென்ட்டிலிருந்தும் நீங்கும்.

ஃபீட் அமைப்பில் ஐடிஎஸ் கொடியை மீறிப்போடும் தேர்வு ஒன்று உண்டு. டு ஐடிஎஸ் கொடி என்றால் 'இதை இயந்திரம் தானாகத் தேடலாம், தடுக்கலாம்' என்று பொருள். அறிமுகமில்லாத ஃபீடை முதல் மாதம் இந்தத் தேர்வோடு இழுப்பது பாதுகாப்பு: தடயங்கள் உள்ளே இருக்கும், தேடினால் கிடைக்கும், தடுப்புப் பட்டியலுக்கு மட்டும் போகாது.

சலிப்பு

வார்னிங்லிஸ்ட் என்பவை 'இது தடயமாக இருக்க வாய்ப்பில்லை' என்று சொல்லும் பட்டியல்கள். பொது டிஎன்எஸ் சர்வர்கள், தனியார் ஐபி வரம்புகள், பெரிய கிளவுட் நிறுவனங்களின் வரம்புகள், அதிகம் பார்க்கப்படும் தளங்கள், வெற்றுக் கோப்பின் ஹேஷ்கள் எல்லாம் உண்டு. 8.8.8.8 எப்படித் தடயமாகிறது என்று தோன்றலாம். தீநிரலை சாண்ட்பாக்ஸ் என்ற தனிமைப்படுத்திய சோதனைக் கணினியில் ஓட்டி, அது தொட்ட ஐபிகளை எல்லாம் அப்படியே அறிக்கையில் ஒட்டுவார்கள். இணையம் இருக்கிறதா என்று பார்க்கத் தீநிரல் 8.8.8.8-ஐத் தட்டியிருக்கும். அவ்வளவுதான்.

இரண்டு விஷயம் கவனிக்க வேண்டும். வார்னிங்லிஸ்டைப் புதுப்பித்தால் மட்டும் போதாது, இயக்கவும் வேண்டும். இயக்கினாலும் அது மஞ்சள் எச்சரிக்கை காட்டுமே தவிர டு ஐடிஎஸ் கொடியைக் கழற்றாது. எடுக்கும்போது ஏபிஐ கோரிக்கையில் என்ஃபோர்ஸ் வார்னிங்லிஸ்ட் என்ற அளவுருவுக்கு 1 கொடுத்தால்தான் அவை விலகும். இதை விட்டுவிட்டு 'வார்னிங்லிஸ்ட் போட்டும் கூகிள் தடைபட்டதே' என்று முழிப்பது வழக்கமான காட்சி.

உங்கள் சொந்த டொமைன்கள், மின்னஞ்சல் சேவை, மென்பொருள் புதுப்பிப்பு சர்வர்கள் ஆகியவற்றுக்கு நீங்களே ஒரு வார்னிங்லிஸ்ட் எழுதிவிடுங்கள். ஒவ்வொரு ஈவென்ட்டாகத் திறந்து கொடியைக் கழற்றுவது வீண் வேலை. நாளை அதே டொமைன் வேறு ஃபீடில் வரும்.

வகைக் குழப்பம் அடுத்தது. மிஸ்ப்பில் டொமைன் (முழு டொமைன்), ஹோஸ்ட்நேம் (அதன்கீழ் உள்ள ஒரு தனிப் பெயர்) இரண்டும் வேறு. ஆர்பிஇசட் எடுக்கும்போது டொமைன் என்ற வகைக்கு இரண்டு வரிகள் வரும்: பெயருக்கு ஒன்று, நட்சத்திரம் போட்டு அதன் துணை டொமைன்கள் அனைத்துக்கும் ஒன்று. ஹோஸ்ட்நேமுக்கு ஒரே வரி. டைனமிக் டிஎன்எஸ் அல்லது இலவச ஹோஸ்டிங் சேவையின் கீழ் உள்ள ஒரு துணைப்பெயர்தான் தீயது என்று வைத்துக்கொள்ளுங்கள். அறிக்கை எழுதியவர் தாய்ப்பெயரை டொமைன் என்று போட்டுவிட்டால் அந்தச் சேவையில் இருக்கும் அனைவரும் தடைபடுவார்கள். யூஆர்எல் தடயங்களை வெட்டி ஹோஸ்டை மட்டும் எடுக்கும் ஸ்கிரிப்ட்களும் இதே பாவத்தைச் செய்கின்றன. கிட்ஹப்பில் கிடக்கும் ஒரு தீய கோப்புக்காக கிட்ஹப்பையே மூட முடியுமா?

ஐபி வகைகளை முதல் சுற்றில் சேர்க்கவே வேண்டாம். ஆர்பிஇசட் ஐபியையும் ஏற்கும், 203.0.113.45 என்பது 32.45.113.0.203 என்று தலைகீழாகி, முன்னால் முன்னொட்டு நீளத்தோடு உட்காரும். அந்த ஐபிக்குப் போய்ச்சேரும் எல்லாப் பெயர்களும் தடைபடும். அது பகிர்வு ஹோஸ்டிங் ஐபி என்றால் நூற்றுக்கணக்கான அப்பாவித் தளங்கள் கூடவே போகும்.

பழசானதைக் கழிப்பது

லாஸ்ட் 30டி என்று கேட்டால் கடந்த 30 நாள் தடயங்கள் வரும் என்று நினைப்பது இயல்பு. ஆனால் அது பார்ப்பது ஈவென்ட் கடைசியாக வெளியிடப்பட்ட நேரத்தை. ஐந்து வருடப் பழைய ஈவென்ட்டில் யாரோ ஒரு டேக் சேர்த்து மறுபடி வெளியிட்டால், அதிலுள்ள அத்தனை பழைய டொமைன்களும் புதுசு போல வந்து நிற்கும். அவற்றில் பல காலாவதியாகி வேறு யாரோ வாங்கியிருப்பார்கள்.

இதற்கு முறையான வழி டீகேயிங் மாடல்: நாள் ஆக ஆகத் தடயத்தின் மதிப்பெண்ணைக் குறைத்துக்கொண்டே வரும் கணக்கு. மதிப்பெண் = அடிப்படை × (1 − (நா ÷ ஆ)^(1 ÷ வே)). நா என்பது கடைசியாகப் பார்த்ததிலிருந்து எத்தனை நாள், ஆ என்பது ஆயுள், வே என்பது தேய்வு வேகம். அடிப்படை 80, ஆயுள் 120 நாள், தேய்வு வேகம் 2 என்று வைத்தால் 30-ஆவது நாளில் மதிப்பெண் 40. வாசல் (மதிப்பெண் இதற்குக் கீழே போனால் தடயம் தேய்ந்ததாகக் கொள்ளப்படும்) 30 என்றால் சுமார் 47-ஆவது நாளில் தடயம் விழுந்துவிடும். வேகத்தை 0.5 ஆக்கினால் அதே 30-ஆவது நாளில் 75 இருக்கும். வாசலைத் தொட 95 நாள் ஆகும். வேகமாக மாறும் ஃபிஷிங் டொமைன்களுக்கு முன்னது, தீநிரலுக்கு ஆணையிடும் கட்டளை சர்வர்களுக்குப் பின்னது பொருந்தும். கோரிக்கையில் மாடலின் எண், மதிப்பெண்ணைச் சேர்க்கும் அளவுரு, தேய்ந்ததை விலக்கும் அளவுரு மூன்றும் சேர்ந்து போக வேண்டும்.

எடுக்கும் கோரிக்கை

இதற்கென்று தனிப் பயனர், வாசிக்க மட்டும் உரிமை உள்ள ரோல், தனி ஆத் கீ (கோரிக்கையோடு அனுப்பும் அடையாளச் சாவி). கீ உருவாக்கும்போதே எந்த ஐபியிலிருந்து வரலாம், எப்போது காலாவதி என்று போட்டுவிடலாம். 40 எழுத்துக் கீ ஒரே முறைதான் திரையில் தெரியும்.

அட்ரிபியூட்ஸ் ரெஸ்ட்சர்ச் முகவரிக்கு போஸ்ட் கோரிக்கை. திருப்பும் வடிவம் ஆர்பிஇசட்; வகை டொமைன், ஹோஸ்ட்நேம்; டு ஐடிஎஸ் 1; வெளியிடப்பட்டது 1; என்ஃபோர்ஸ் வார்னிங்லிஸ்ட் 1; மேலே சொன்ன தேய்வு அளவுருக்கள். சர்வர் செட்டிங்ஸின் பிளக்இன் பகுதியில் ஆர்பிஇசட் கொள்கையை என்எக்ஸ்டொமைன் ('அப்படி ஒரு பெயரே இல்லை' என்ற விடை) என்று வையுங்கள். எச்சரிக்கைப் பக்கத்துக்குத் திருப்பும் வால்ட் கார்டன் கேட்க நன்றாக இருக்கும். ஆனால் எச்டிடிபிஎஸ் தளங்களில் பயனருக்குத் தெரிவது உங்கள் பக்கமல்ல, சான்றிதழ்ப் பிழைதான்.

அதே பகுதியில் இருக்கும் சீரியல் (கோப்பின் பதிப்பு எண்) அமைப்பில் ஒரு கண்ணி. இயல்பாக டாலர் டேட் 00. அதாவது தேதியும் இரண்டு சுழியங்களும்: 2025060100. நாளுக்கு ஒருமுறை எடுத்தால் சரி. மணிக்கொருமுறை எடுத்தால் 24 கோப்புக்கும் ஒரே சீரியல்தான். துணை டிஎன்எஸ் சர்வர் சீரியல் மாறவில்லையே என்று புதிய கோப்பை வாங்காது. முதன்மை சர்வரில் டொமைன் தடைபடும், துணை சர்வரில் திறக்கும். சில பயனர்களுக்கு மட்டும் தடுப்பு வேலை செய்யும் விசித்திரத்தின் காரணம் பெரும்பாலும் இதுதான்.

தீர்வு, டாலர் டைம் என்று மாற்றுவது. அப்போது யூனிக்ஸ் நேரம் சீரியலாகும். ஆனால் மாற்றும் அந்த ஒரு தருணத்தில் இன்னொரு குழி. மேலே சொன்ன தேதி சீரியல் 202 கோடிச் சொச்சம், அதே நாளின் யூனிக்ஸ் நேரமோ 174 கோடிச் சொச்சம். எண் பின்னால் போகிறது. பைண்ட் லாக்கில் சீரியல் பின்னோக்கிப் போனதாக ஒரு வரி வரும், துணை சர்வர் பழையதையே பிடித்துக்கொண்டிருக்கும். ஒவ்வொரு துணை சர்வரிலும் ஒருமுறை ஆர்என்டிசி ரீட்ரான்ஸ்ஃபர் என்ற கட்டளையைக் கொடுத்தால் சீரியலைப் பார்க்காமல் வாங்கிக்கொள்ளும். முதல் நாளிலேயே டாலர் டைம் வைத்தால் இந்தப் பாடே இல்லை.

பைண்டில் ஏற்றுவது

கோரிக்கையை அனுப்பும் கர்ல் கட்டளையின் வெளியீட்டை நேராக ஸோன் கோப்பின் (பைண்ட் படிக்கும் பட்டியல் கோப்பு) மேல் எழுதாதீர்கள். கீ காலாவதியான அன்று ஜேசன் பிழைச்செய்தி ஸோன் கோப்பாகிவிடும். பைண்ட் அதை ஏற்க மறுத்து நினைவகத்தில் உள்ள பழைய ஸோனோடு ஓடிக்கொண்டிருக்கும். சர்வரை மறுதொடக்கம் செய்யும் வரை யாருக்கும் தெரியாது. தற்காலிகக் கோப்பில் எழுதி, கோப்பைச் சரிபார்க்கும் நேம்ட் செக்ஸோன் கட்டளையை ஓட்டி, வரி எண்ணிக்கையை முந்தைய கோப்போடு ஒப்பிடுங்கள். 30 சதவீதத்துக்கு மேல் குறைந்தாலோ இரண்டு மடங்குக்கு மேல் கூடினாலோ நிறுத்தி மின்னஞ்சல் அனுப்பச் சொல்லுங்கள். சரியாக இருந்தால் மட்டும் பெயர் மாற்றி ரீலோட்.

செக்ஸோன் தோற்றால் பெரும்பாலும் ஒரே ஒரு வரிதான் காரணம்: புள்ளிகளுக்கு இடையே 63 எழுத்தைத் தாண்டிய துண்டு, அல்லது மொத்தம் 255-ஐத் தாண்டிய பெயர். டிஎன்எஸ் கேள்விகளுக்குள் தரவை ஒளித்துக் கடத்தும் டிஎன்எஸ் சுரங்கத் தீநிரல்களின் ஹோஸ்ட்நேம்கள் இயல்பிலேயே நீளமானவை. ஸோன் பெயரும் அந்த 255-க்குள் அடங்க வேண்டும் என்பதால் ஸோனுக்குக் குட்டிப் பெயராக வையுங்கள்.

ரெஸ்பான்ஸ் பாலிசி பகுதியில் இரண்டு ஸோன்கள்: முதலில் உங்கள் அனுமதிப் பட்டியல், பாஸ்த்ரூ (தடுக்காமல் விடு) கொள்கையோடு, அடுத்து மிஸ்ப் ஸோன். முதலில் பொருந்தும் ஸோனின் முடிவே இறுதி. இரவு 11 மணிக்கு ஏதாவது தவறாகத் தடைபட்டால் மிஸ்ப்பைத் தொடாமல் அனுமதிப் பட்டியலில் ஒரு வரி சேர்த்தால் போதும்.

மிஸ்ப் ஸோனை முதல் இரண்டு வாரம் பாலிசி டிசேபிள்ட் என்று வையுங்கள். எதையும் தடுக்காது, தடுத்திருந்தால் என்னவாகியிருக்கும் என்று லாக்கில் எழுதும். அந்த லாக்கை டொமைன் வாரியாக எண்ணி, தனித்தனி கணினிகள் எத்தனை என்று பாருங்கள். ஒரே நாளில் பாதி அலுவலகமே ஒரு டொமைனைத் தொட்டிருந்தால் அது தொற்று அல்ல. 100-க்கு 99 அது ஏதோ விளம்பரச் சேவையோ சிடிஎன்னோ. ஒன்றிரண்டு கணினிகள் மட்டும், சீரான இடைவெளியில், அலுவலகம் மூடிய பின்னும் தொடும் டொமைன்தான் உட்கார்ந்து பார்க்க வேண்டியது.

தடுப்பை இயக்கும்போது இரண்டு அமைப்புகள். க்யூநேம் வெயிட் ரிகர்ஸ் இயல்பில் எஸ். அதாவது தடுக்கப்போகும் பெயருக்கும் பைண்ட் வெளியே போய் விடை கேட்டுவிட்டுத்தான் தடுக்கும். தாக்குபவரின் நேம்சர்வருக்கு அந்தக் கேள்வி போய்ச்சேர்ந்துவிடும். டொமைன் பெயரை மட்டும் வைத்துத் தடுப்பதால் இதை நோ ஆக்கலாம். இரண்டாவது, பிரேக் டிஎன்எஸ்செக் (டிஎன்எஸ்செக் என்பது டிஎன்எஸ் விடைகளைக் கையொப்பத்தால் உறுதிசெய்யும் முறை). இது நோ என்று இருந்தால், டிஎன்எஸ்செக் விவரம் கேட்டு வரும் கேள்விக்கு, கையொப்பமிட்ட டொமைன் என்றால், ஆர்பிஇசட் கை வைக்காது. சாதாரணக் கணினிகள் அப்படிக் கேட்பதில்லை. உங்களுக்குக் கீழே இன்னொரு டிஎன்எஸ் சர்வர் ஃபார்வர்டராக (கேள்விகளை உங்கள் சர்வருக்குக் கடத்துவதாக) இருந்தால் அது கேட்கும். கையொப்பமிட்ட தீய டொமைன்கள் அதன் வழியே நழுவும்.

உலாவிகள் எச்டிடிபிஎஸ் வழி டிஎன்எஸ்ஸுக்குப் போனால் இந்தச் சுவர் முழுவதும் பக்கவாட்டில் தாண்டப்படும். ஃபயர்ஃபாக்ஸுக்கு மட்டும் ஒரு குறுக்குவழி உண்டு: யூஸ்-அப்ளிகேஷன்-டிஎன்எஸ்.நெட் என்ற பெயருக்கு என்எக்ஸ்டொமைன் கொடுத்தால் அது தானாக அந்த வழிக்கு மாறாது. பயனர் கையால் இயக்கியிருந்தால் இதுவும் பலிக்காது.

பகிர்வதற்கு முன்

பிற மிஸ்ப் சர்வரோடு இணைப்பதாக இருந்தால் ஒன்றை மட்டும் மனதில் வையுங்கள்: டிஎல்பி டேக் (தகவலை யாரோடு பகிரலாம் என்று நிறத்தால் சொல்லும் குறி) வெறும் சீட்டு. டிஎல்பி ரெட் என்று ஒட்டிவிட்டு டிஸ்ட்ரிபியூஷனை (ஈவென்ட் எதுவரை போகலாம் என்ற அமைப்பு) 'எல்லாச் சமூகங்களும்' என்று விட்டால், தள்ளும் விதியில் அந்த டேகைத் தடுக்காத வரை ஈவென்ட் வெளியே போய்விடும். பூட்டு டிஸ்ட்ரிபியூஷனில்தான் இருக்கிறது. புதிய ஈவென்ட்டின் இயல்பு நிலையை 'உங்கள் நிறுவனம் மட்டும்' என்று அமைத்துவிட்டுப் பிறகு இணைப்பைத் திறங்கள். 2022 ஆகஸ்ட்டில் வந்த டிஎல்பி 2.0-இல் ஒயிட் என்பது க்ளியர் ஆனது, ஆம்பர்+ஸ்ட்ரிக்ட் புதிதாக வந்தது. பழைய ஈவென்ட்களில் இன்னும் ஒயிட்தான் இருக்கும். டேகை வைத்து வடிகட்டும் விதி எழுதினால் இரண்டு பெயரையும் போட வேண்டும்.

கடைசியாக ஆர்பிஇசட் லாக்கிலிருந்து சைட்டிங் ('இதை இங்கே பார்த்தோம்' என்ற குறிப்பு) திருப்பி அனுப்பும் சிறு ஸ்கிரிப்ட். தடைபட்ட டொமைனை சைட்டிங்ஸ் ஆட் முகவரிக்கு அனுப்பினால் அதன் தேய்வுக் கடிகாரம் மறுபடி முதலிலிருந்து ஓடும். ஆய்வாளர்களின் கணினிகளையும் சாண்ட்பாக்ஸ் கணினிகளையும் இந்த ஸ்கிரிப்டிலிருந்து விலக்கிவிடுங்கள். அவர்கள் சோதிக்கத் தட்டும் ஒவ்வொரு தட்டும் செத்த டொமைனுக்கு இன்னொரு 47 நாள் ஆயுள் கொடுத்துவிடும்.